இரண்டு அரம்

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மீன் வண்டிகள் தண்ணீர் வடிக்கும் சந்தில்
என் கடை.
பாறசாலைப் பக்கம் ஒரு வீடு பூட்டினால்
அதன் இரும்பெல்லாம் ஆட்டோ ஏறி
மறுநாள் இங்கே கொட்டும்.

கொட்டியதும் பிரிப்பேன்.
கம்பெனி விட்டபடி இருப்பது இடப்பக்கம்.
யாரோ கைவைத்தது வலப்பக்கம்.
திருவனந்தபுரத்து வியாபாரி
இடப்பக்கத்துக்குத்தான் குனிவார்.
மற்றதை, "கெடுத்து வச்சிருக்கானுவ" என்று
பாதி விலைக்குக் கேட்பார்.

கம்பெனி பிழை விட்டால்
ஆயிரம் சுத்தியலிலும் அதே பிழை.
ஆள் விட்ட பிழை
ஒன்றில்தான் இருக்கும்.
துளைக்குள் விரல் விட்டுப் பார்க்கவேண்டும்,
உள்துருவும் வெளித்துருவும் ஒரே வயசா என்று.
பச்சைப் பெயின்ட் விளிம்பில் மடிந்து இறங்குகிறதா,
வெட்டுப்பட்டு நிற்கிறதா என்று.
மெஷின் தேய்த்த கோடுகள் அணிவகுத்து நிற்கும்.
அரம் தேய்த்ததில்
ஆளுக்கு மூச்சு வாங்கிய இடத்தில்
ஒரு கோடு சாயும்.

எல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன்.
சுவர் ஆணியில் ஒரு ஸ்பேனர் தொங்குகிறது.
கழுத்தை வளைத்து, ஒரு காதைச் சீவி,
எந்த வண்டியின் எந்த மூலைக்கு என்று
மூன்று வருஷமாய்ப் பிடிபடவில்லை.
விற்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எல்லை தாண்டி
அஜயகோஷ் ஏட்டு வந்தார்.
கையில் பிளாஸ்டிக் கவர்,
கவருக்குள் ஒரு திருப்புளி.
"லில்லிபுஷ்பம் சேச்சி,
இது பூட்டு பொளிக்க உண்டாக்கினதா?
ஒண்ணு பாத்து சொல்லணும்."

பழைய சரக்கு.
ஈட்டிக் கைப்பிடி, பித்தளை வளையம்.
நுனியின் நடுவே பள்ளம் வெட்டி
இரண்டு பல்லாக்கியிருந்தது.
கம்பெனிப் பள்ளம் நேராய் நிற்கும்,
இது கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்திருந்தது.
உள்சுவரில் மஞ்சளாய் ஒரு தடம்.
கைவாளின் பிடியில் வட்டமாய்ப் பித்தளை மரை இருக்குமே,
நடுவில் ஆணி, இருபுறமும் கீறல்,
அதைத் திருப்ப ஒரு ஆசாரி
தன் திருப்புளியைத் தானே வெட்டிக்கொண்டது.
பல் ஓரமெல்லாம்
சப்பிய மிட்டாய்போல் மழுங்கியிருந்தது.
ஒரு நாளில் வரும் மழுக்கம் இல்லை.

"பூட்டுக்கு இல்ல" என்றேன். "வாளுக்கு."
ஏட்டு எழுதினார்.

அப்புறம்தான் வெயில் பக்கம் திருப்பினேன்.
இரண்டு பல்லில் ஒன்று
ஒல்லியாகி, நுனியில் லேசாய்க் கொக்கி போட்டிருந்தது.
துருவின் மேலேயே அரம் ஓடியிருந்தது.
வெள்ளைக் கோடுகள், போன வாரத்தவை.
அவை சாய்ந்த பக்கம்
வலக்கைக்காரர் சாய்க்கும் பக்கம் இல்லை.

ஜீப்பின் பின்னால் ஒரு பையன்.
இடக்கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
அவன் வலக்கை
விலங்கோடு கம்பியில் இருந்தது.
அதனால் அதை வைத்து
எதுவும் சொல்வதற்கில்லை.

"வேறே?" என்றார் ஏட்டு.
"ரெண்டு ஆளு கைவச்சிருக்கு,
ரெண்டு அரம், ரெண்டு காலம்" என்றேன்.
அவர் தாளைப் பார்த்தார்.
"இதுல ஒரு ஆளுக்குத்தான் இடம் உண்டு சேச்சி."

பழையவனைச் சொன்னேன்.
அவனைப்பற்றித்தான் எனக்கு முழு நிச்சயம்.
அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்,
அன்று ராத்திரி இரண்டுமுறை.

காலி கிளாஸை வாங்கப் போனேன்.
பையன் என்னைப் பார்க்கவில்லை.
கடைச் சுவரைப் பார்த்தான்.
"அந்த வளைஞ்ச ஸ்பேனர்
அம்பாசடருக்கு உள்ளது" என்றான்.
"ஸ்டார்ட்டர் மோட்டாருக்க பின் போல்ட்டு.
நேர் ஸ்பேனர் அங்க ஏறாது."

ஜீப் கிளம்பியது.
மீன் தண்ணீரில் டயர்த் தடம்.

ஸ்பேனரை இறக்கி வைத்திருக்கிறேன்.
அவன் சொன்னது சரியா என்று பார்க்க
இந்த ஊரில் யாரிடமாவது
ஓர் அம்பாசடர் இருக்கவேண்டும்.